சோவாஜிமாவில் வழி விடும் வண்டி

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் மிட்சுயோவை நாம் வாசலில் விட்டு வந்தோம். ஒரு காலில் மட்டும் காலணி அணிந்தவளாய், மற்றதைக் கையில் பிடித்தபடி அவள் அமர்ந்திருந்தாள்.

அந்த மற்றொரு காலணியை அவள் அணியவில்லை. ஹமாமட்சுச்சோ நிலையத்தின் பயணச்சீட்டு வாயிலில் பகல் ஒரு மணிக்குத் தன் கணவரிடம் ஓர் உறையை ஒப்படைக்க வேண்டியவள், பன்னிரண்டரை மணி வரையில் அதே இடத்தில் அமர்ந்திருந்து, பின்னர் எழுந்து உள்ளே சென்று, குளிர்ந்த பார்லித் தேநீரை நின்றபடியே குடித்தாள்.

உறையில் இருந்தது விவாகரத்துப் படிவம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் தகெஹிகோ அதில் கையெழுத்திட்டு, தம் முத்திரையையும் பதித்து, உணவு மேசையின் மீது வைத்துவிட்டு, ஹச்சிஜோ தீவிலிருந்த தமையன் வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் எதுவும் கூறவில்லை. ‘மீதியை நீ நிரப்பி வட்டார அலுவலகத்தில் கொடுத்துவிடு’ என்ற ஒரு வரியை மட்டும் எழுதி வைத்திருந்தார்.

மிட்சுயோ தன் முத்திரையைப் பதித்தாள். சாட்சிகள் இருவரின் கையெழுத்தையும் பெற்றாள். தேதியை மட்டும் எழுதவில்லை. தேதியில்லாத அப்படிவம் அரிசிப் பெட்டிக்கு மேலிருந்த இழுப்பறையில் பதினொரு ஆண்டுகள் கிடந்தது.

அவரோ தமக்கு மணவிலக்கு ஆகிவிட்டதென்றே நம்பியிருந்தார். சென்ற மாதம் தமையனின் நிலம் தொடர்பாகக் குடும்பப் பதிவேட்டின் நகலை வரவழைத்தபோதுதான், தம் பெயருக்கு அருகில் மனைவியின் பெயர் இன்னமும் இருப்பதைக் கண்டார். உடனே ஓர் அஞ்சலட்டை வந்தது. வியாழக்கிழமை டோக்கியோ வருகிறேன். ஒரு மணி முதல் இரண்டு மணி வரையில் வாயிலில் நிற்பேன். படிவத்தைக் கொடுத்தால் தீவு அலுவலகத்தில் நானே சேர்த்துவிடுகிறேன். மூன்று மணி ஐந்து நிமிட விமானத்தில் திரும்பிவிடுவேன்.

அந்த வியாழக்கிழமைதான் இன்று.

காலையில், சீருடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் சிதோசே புறப்பட்டபோது, தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு சிறு வாக்குவாதம் நிகழ்ந்தது.

“அம்மா, இன்னிக்கு ரெண்டு பத்து விரைவு வண்டி என்னோடது.”

“உனக்குக் காலை ஷிஃப்ட்டுன்னுல்ல பட்டியல்ல போட்டிருக்கு?”

“மாத்திக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா யாரும் ஷிஃப்ட் மாத்த மாட்டாங்க. அவரு அந்த வண்டியில ஏறுவாருன்னு கணக்குப் போட்டுட்ட.”

“ரெண்டு மணி வரைக்கும் நிப்பேன்னு எழுதியிருக்காரு. அப்பா ரெண்டுன்னா ரெண்டுதான், ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டாரு. அடுத்த விரைவு வண்டி என்னோடது. நீ போய்க் குடுத்தாலும் சரி, குடுக்கலைன்னாலும் சரி, அவரைக் கொண்டுபோய் ஹனேதா விமான நிலையத்துல விடறது நானாத்தான் இருக்கணும்.”

“பேசப் போறியா?”

“ஓட்டும்போது எப்படிப் பேசறது? திரும்பிப் பாக்கக்கூட எங்களுக்கு அனுமதி இல்ல.”

“பேசாம கொண்டுபோய் விடறதுக்கு ஒரு ஷிஃப்ட் மாத்தமா? அப்படியே உங்க அப்பன் புத்தி.”

சிதோசே சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். தந்தை போனபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அவர் இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டிய அதே மோனோரயிலில் அவளும் ஓட்டுநராகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இச்செய்தி அவருக்குத் தெரியாது.

*

பகல் ஒன்றே கால் மணிக்கு, ஓட்டுநர் அறையின் மேசைக்கு முன் சிதோசே நிமிர்ந்து நின்றாள். மூச்சுச் சோதனைக் குழாயில் ஊதினாள். கைக்கடிகாரத்தை நொடி பிசகாமல் சரிபார்த்தாள். கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வெண்ணிறக் கையுறைகளை அணிந்துகொண்டாள்.

மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தவர் பணி மேலாளர் ஒனுமா. தகெஹிகோவுடன் ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதங்களே உள்ளவர்.

“சொன்னியா உங்க அம்மாகிட்ட?” என்று அவர் தலையை உயர்த்தாமலே கேட்டார்.

“இல்ல சார்.”

“போன வாரம் உன்கிட்ட நான் வாயைத் தெறந்ததே உங்க அம்மா காதுல விழட்டும்னுதான். நீ என்னடான்னா பூட்டு மேல பூட்டு போடற.”

“அது அப்பா சொல்ல வேண்டிய விஷயம் சார்.”

“அவனா? அவன் சொல்லுவான்னு காத்திருந்தா எனக்கு ரெண்டு தடவை ஓய்வு குடுத்துடுவாங்க.”

ஒனுமா சென்ற வாரம் சொன்னது இதுதான். பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஓட்டுநர்களுக்கான வருடாந்திரக் கண் பரிசோதனையில், தகெஹிகோவின் பார்வை இரு பக்கங்களிலிருந்தும் மூடிக்கொண்டு வருவதைக் கண்டுபிடித்தார்கள். நேர் எதிரே இருப்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு குழலின் வழியே பார்ப்பதைப் போல அவ்வளவுதான் தெரியும். பக்கவாட்டில் நிற்கும் மனிதர் அவருடைய உலகத்தில் இல்லை. அன்றே அவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அன்று மாலை அவர் ஒனுமாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: வீட்டுக்குத் தெரியக்கூடாது. கைபிடித்து அழைத்துச் செல்லப்பட வேண்டிய மனிதனாக மிட்சுயோவின் முன் நிற்க அவருக்கு மனமில்லை.

“இப்ப எவ்வளவு தெரியுதோ அவனுக்கு,” என்றார் ஒனுமா. “சரி, போ. வண்டிய ஓட்டு. அப்பன் பின்னால உக்காந்திருக்கான்னு எங்கயாவது கோட்டை விட்டுடாத.”

*

இரண்டு மணி எட்டு நிமிடம் ஆனபோது, ஹமாமட்சுச்சோ நடைமேடையில் நின்றிருந்த விரைவு வண்டியின் முதற்பெட்டியில் சாம்பல் நிறத் தொப்பி அணிந்த ஒருவர் ஏறினார். ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்கு நேர் பின்னால், முன்னோக்கிப் பார்க்கும் ஒற்றை இருக்கையில், தயக்கமின்றி அமர்ந்தார்.

சிதோசே அவரைக் கண்டது பக்கக் கண்ணாடியில், நான்கு நொடிகள் மட்டுமே. முதுகு சற்றே வளைந்திருந்தது. தாடை மெலிந்திருந்தது. மற்றபடி அவரேதான்.

கதவுகள் மூடின. அவள் வலக்கையை உயர்த்தி, சுட்டுவிரலால் முன்னிருந்த விளக்கைச் சுட்டினாள்.

“புறப்பாட்டு விளக்கு, பச்சை!”

காண்பதைச் சுட்டி, சுட்டியதை உரக்கச் சொல்லி, சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட பின்னரே கைப்பிடியைத் தொட வேண்டும் என்பது இத்தொழிலின் முறை. ஓட்டுநர் அறையில் தனித்திருப்பினும் அம்முறையிலிருந்து எவரும் வழுவுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவரின் விரலும், மடியிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்து அதே விளக்கைச் சுட்டியதை அவள் அறியாள்.

வண்டி ஒற்றைத் தண்டவாளத்தின் மீது வழுக்கியவாறு ஏறியது. கீழே கால்வாயில் மணல் படகொன்று சென்றது. கட்டடங்களின் நான்காம் மாடிகள் இரு புறமும் பின்னோக்கி ஓடின.

பதினெட்டு நிமிடங்கள். இத்தனை ஆண்டுகளில் தந்தையுடன் அவளுக்குக் கிடைத்த மிக நீண்ட நேரம் அது. இருவருக்கும் இடையே ஒரு கண்ணாடியின் கனம் மட்டுமே இருந்தது. எனினும் அவளால் திரும்பிப் பார்க்க இயலாது.

ஆதலால் அவள் செய்யக்கூடியதைச் செய்தாள். வழக்கத்தைக் காட்டிலும் சற்று உரக்க, ஒவ்வொரு விளக்கையும் பெயர் சொல்லி அழைத்தாள். வளைவுகளில் நின்றுகொண்டிருக்கும் பயணிகூடக் கைப்பிடியைத் தேடாத வண்ணம் வேகத்தைக் குறைத்தாள். பேச முடியாத ஒருத்தி தன் தந்தையிடம் பேசுவதற்கு அதைவிட வேறு வழி இல்லை.

*

அதே வேளையில், அவளுக்கு முன்னால், எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதா வண்டியில் மிட்சுயோ இருந்தாள்.

ஒரு மணிக்கு வீட்டில் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபோது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். வாயிலில் எதிரெதிரே நின்று உறையை மாற்றிக்கொள்ள அவளால் முடியாது. அவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாயிலிருந்து பெறவும் முடியாது. முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டென்னோசு நிலையத்தில் இரண்டு ஒன்பதுக்குப் புறப்படும் சாதா வண்டி, சோவாஜிமா நிலையத்தில் ஒதுங்கி நின்று, பின்னால் வரும் விரைவு வண்டிக்கு வழி விடும். மோனோரயிலோடு வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் வண்டி ஏன் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிட நேரத்தில் கதவுகள் திறந்தே இருக்கும். இறங்கி நடைமேடையின் மறுபக்கத்துக்குச் சென்றால், கடந்து செல்லும் வண்டியின் முதற்பெட்டி கை நீட்டும் தூரத்தில் போகும். அவர் எந்த இருக்கையில் இருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவ்விருக்கை தவிர வேறெதிலும் அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

அவர் திரும்பி ஒரு முறை பார்த்தால் போதும். படிவம் இழுப்பறைக்கே திரும்பும். பாராமல் போனால், இன்றைய தேதியை எழுதி, விமான நிலையத்தில் அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

சோவாஜிமாவில் வண்டி நின்றது. மிட்சுயோ நான்காம் பெட்டியிலிருந்து இறங்கி, நடைமேடையைக் குறுக்கே கடந்து, மறுபக்கத் தடுப்பின் அருகே நின்றாள்.

“அம்மா, இங்க ஏறாதீங்க, இங்க நிக்காத வண்டி வருது!” என்று பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் கூவினார். விமானப் பழுதுபார்ப்புக் கூடத்தின் நீலச் சட்டை அணிந்தவர்.

“தெரியும்ங்க. ஒருத்தரைப் பாக்கணும்.”

“நிக்காத வண்டியிலயா?”

“ஆமா. நிக்காத வண்டியிலதான்.”

அவர் அருகிலிருந்தவரைப் பார்த்துத் தோள்களைக் குலுக்கினார்.

மிட்சுயோ தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அறுபது வயதில் இதென்ன கூத்து என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். எனினும் இரண்டாம் முறையும் ஒதுக்கிக்கொண்டாள்.

*

நடைமேடையின் ஓரத்தில் பழுப்பு நிற மேலங்கி நிற்பதை, இருநூறு மீட்டர் தொலைவிலேயே சிதோசே கண்டுகொண்டாள். அம்மேலங்கியை வாங்கிக் கொடுத்தவள் அவளே.

“சோவாஜிமா, கடக்கலாம்!” என்று சுட்டிச் சொன்னாள். குரல் பாதியில் பிசிறியது.

அம்மா கையை உயர்த்தியிருந்தாள். அசைக்கவில்லை, உயர்த்தியபடி நின்றாள். அப்பா பார்க்க வேண்டும். இடப்பக்கமாகத் தலையை ஒரு முறை திருப்பினால் போதும். கண்ணாடியைத் தட்ட இயலாது, கூப்பிட இயலாது. நடைமேடையின் ஓரத்தில் ஆள் நின்றால் ஒலிப்பானை ஒலிக்கலாம் என்பது மட்டும் விதியில் இருந்தது.

அவள் ஒலிப்பானை அழுத்தினாள். நீண்ட ஓர் ஒலி.

பிழை என்பதை அழுத்திய மறுகணமே உணர்ந்தாள். பயணியாயிருந்தால் ஒலி கேட்டதும் அக்கம் பக்கம் பார்ப்பார். ஓட்டுநராயிருந்தவர் அவ்வாறு பார்ப்பதில்லை. ஒலிப்பான் ஒலித்தால் தண்டவாளத்தில் ஏதோ இருக்கிறது என்றே அவருடைய உடல் அறியும். இருபத்தாறு ஆண்டுகள் பழகிய உடல், இமை கொட்டாமல், முன்னால் மட்டுமே பார்க்கும்.

*

மிட்சுயோ கண்டது இது:

முதலில் கண்ணாடிக்குள் மகளின் முகம்; தொப்பியின் விளிம்புக்குக் கீழே, கல்லில் செதுக்கியதைப் போல. பின்னர் நீண்ட ஓர் ஒலி. அதன்பின் அவர்.

நரைத்திருந்தார். ஒலி கேட்டதும் அவர் சற்றே நிமிர்ந்தார். அவள் கையை இன்னும் சற்று உயர்த்தினாள். ஆனால் அவர் இப்பக்கம் திரும்பவில்லை. கண்களை இன்னும் இறுக்கி, கழுத்தை இன்னும் விறைத்து, நேர் முன்னே பார்த்தார். ஒன்றரை மீட்டர் தூரம். அங்கே ஒரு மனைவி கையை உயர்த்தி நிற்கவே இல்லை என்பதைப் போல.

ஆறு பெட்டிகளும் போயின. காற்று மேலங்கியை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டது.

“அம்மா, கதவு மூடப் போறாங்க!” என்று நீலச் சட்டைக்காரர் கூவினார்.

அவள் ஓடி வந்து ஏறினாள்.

“பாத்தீங்களா அவரை?” என்று அவர் கேட்டார்.

“நான் பாத்தேன்.”

அவர் எழுந்து தம் இருக்கையை அவளுக்குக் கொடுத்தார். சுரங்கத்துக்குள் வண்டி இறங்கியபோது, அவள் கைப்பையை மடியில் கிடத்தி, அதன் மீது படிவத்தை விரித்து, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். ஆண்டு. மாதம். நாள். வண்டியின் அசைவில் கடைசி எண் சற்றே கோணியது. எனினும் படிக்கும்படியாகவே இருந்தது.

*

விமான நிலையத்தின் இரண்டாம் முனையம் கடைசி நிலையம். அங்கே ஓட்டுநர் இறங்கி, நடைமேடை நெடுகிலும் நடந்து, வண்டியின் மறுகோடிக்குச் சென்று, நகரத்தை நோக்கித் திரும்ப வேண்டும். சிதோசேக்கு அதற்கென விதிக்கப்பட்டிருந்தது நான்கு நிமிடம். சாதா வண்டி எதிர்த் தடத்தில் வந்து சேர்வதற்கும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

அறையைப் பூட்டிவிட்டு அவள் விரைந்து நடந்தாள். தகெஹிகோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் காகிதப் பை. மற்றொரு கையின் விரல் நுனிகள் நடைமேடைத் தடுப்பை ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டே சென்றன. பார்ப்பவருக்கு அது விளையாட்டாய்த் தோன்றும். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் அவருக்கு வலப்பக்கம் வந்து இணையாக நடந்தாள். இரண்டு அடி, மூன்று அடி, பத்து அடி. தோள் உரசும் நெருக்கம். அவருக்குத் தெரியவில்லை.

ஒனுமா சொன்னபோது அது ஒரு செய்தியாய் இருந்தது. இப்பொழுது அது அவள் தோளை உரசிக்கொண்டு நடந்தது.

அவள் விரைந்து முன்சென்று, அவருக்கு நேர் எதிரே திரும்பி நின்றாள்.

“அப்பா.”

அவர் நின்றார். அவர் பார்வை அவளுடைய தொப்பிச் சின்னத்தைத் தொட்டு, நெற்றிக்கு இறங்கி, மூக்குக்கு வந்து, கண்களில் நிலைத்தது. ஒரு முகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

“சிதோசேயா?”

“ஆமாப்பா.”

“நீயா ஓட்டுன?”

“ஆமா.”

“தென்கூபாஷி வளைவுல கொஞ்சம் முன்னாடியே பிரேக் போட்டுட்ட.”

“பதினோரு வருஷம் கழிச்சுப் பாக்கறீங்க. மொதல் வார்த்தையே குத்தமா?”

“குத்தம் இல்ல. மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு. யாரோ பொண்ணு வாய் நெறைய கூப்பிடறாளேன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். இறங்கறதுக்கு மனசே இல்ல.” அவர் கையிலிருந்த பையை மற்றொரு கைக்கு மாற்றினார். “எப்போ சேந்த?”

“அதெல்லாம் அப்புறம். அது என்ன பை?”

“கருவாடு. தீவுக் கருவாடு. வெறுங்கையோட எப்படி வர்றது?”

“விவாகரத்துக் காகிதம் வாங்க வர்றவரு பரிசு கொண்டு வர்றாரா? அதுவும் அந்த நாத்தம் பிடிச்சதை?”

“மூணு உறை போட்டுச் சுத்தியிருக்கேன். அவளுக்குப் பிடிக்கும்.” அவர் பையைப் பார்த்தார், பார்ப்பதற்குத் தலை முழுவதையும் குனிய வேண்டியிருந்தது. “அவதான் வரல.”

“வந்தாங்க. சோவாஜிமால நின்னாங்க. நான் ஹாரன் அடிச்சது அதுக்குத்தான்.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். உங்க ஜன்னலை ஒட்டி. கையைத் தூக்கிக்கிட்டு.”

நடைமேடையில் பெட்டிகளை உருட்டியவாறு ஒரு கூட்டம் அவர்களைச் சுற்றிப் பிரிந்து சென்றது. தகெஹிகோ இடப்பக்கமாகத் திரும்பினார். அங்கே இப்பொழுது வெறும் சுவரும் ஒரு கடிகாரமும் இருந்தன.

“எனக்குத் தெரியும்பா,” என்றாள் சிதோசே. “ஒனுமா சார் சொல்லிட்டாரு.”

“அந்தக் கெழவனுக்கு வாய் நிக்காது.”

“அம்மாவுக்கு இன்னும் தெரியாது.”

“தெரிய வேணாம்.”

“சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். நான் சொல்லப் போறதில்ல. ஆனா ஒண்ணு கேளுங்க. நீங்க வேணும்னே மூஞ்சியத் திருப்பிக்கலைன்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதை நெனச்சுக்கிட்டேதான் அடுத்த வண்டியில வர்றாங்க.”

“எனக்கு விமானத்துக்கு நேரம்…”

“ரெண்டே முக்கால் வரைக்கும் உள்ள விடுவாங்க. எனக்குத் தெரியாதா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை நிமிடம் இருந்தது. அதன்பின் அவள் செய்தது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாதது. தந்தையின் இரு தோள்களையும் கையுறை அணிந்த கைகளால் பற்றி, எதிர்த் தடத்தின் பக்கமாகத் திருப்பி, நான்கு என்ற எண் எழுதிய கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“அம்மா நாலாவது பெட்டி, அதுக்கு நேராத்தான் நின்னிருந்தாங்க. இந்தக் கதவுதான் தெறக்கும். இங்கேயே நில்லுங்க. வேற எங்கயும் பாக்காதீங்க.”

“வேற எங்க பாக்க முடியும் என்னால?” என்றார் அவர். பதினொரு ஆண்டுகளில் அவர் அதைப் பிறரிடம் சொன்னது அதுவே முதல் முறை என்பதைச் சொன்ன பின்னரே உணர்ந்தவரைப் போல நின்றார்.

சிதோசே ஓடினாள். சீருடையில் ஓடலாகாது. ஓடினாள்.

மறுகோடி அறையில் அமர்ந்து, விளக்கைச் சுட்டி, “புறப்பாட்டு விளக்கு, பச்சை!” என்றபோது, எதிர்த் தடத்தில் சாதா வண்டியின் முகப்பு வெளிச்சம் சுரங்கத்தின் வளைவில் வந்து விழுந்தது. இரு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்தன. தன் பின்னால் என்ன நிகழ்கிறது என்பதை அறிய அவளுக்கு வழியில்லை. நகரம் போய்ச் சேர இன்னும் பத்தொன்பது நிமிடம். அதன்பின் இன்னொரு நடை. கைபேசி பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

*

வண்டி நின்றபோது மிட்சுயோ கதவின் அருகிலேயே நின்றிருந்தாள். படிவம் மடிக்கப்படாமல் அவள் வலக்கையில் இருந்தது. மாடிக்கு ஏறி, பரிசோதனை வாயிலுக்கு முன்னால் அவரைப் பிடித்து, ஒரு சொல்லும் பேசாமல் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். படிகளில் எந்தப் பக்கமாக ஏறினால் விரைவில் போகலாம் என்பதையும் அவள் எண்ணி வைத்திருந்தாள்.

கதவு திறந்தது.

ஓரடி தூரத்தில், நேர் எதிரே, அவர் நின்றார்.

அவர் கண்கள் அவள் முகத்தில் இருந்தன. வேறெங்கும் இல்லை. அவளுக்குப் பின்னால் இறங்கத் தவித்தவர்கள் இடித்தார்கள். நீலச் சட்டைக்காரர் “நகருங்கம்மா, நகருங்க” என்று மெல்லச் சொன்னார். ஒருவரின் பெட்டி தகெஹிகோவின் காலின் மீது ஏறி இறங்கியது. அவர் இமைக்கவில்லை. இப்படி ஒரு பார்வையை, பெண் பார்க்க வந்த நாளில்கூட அவரிடம் அவள் கண்டதில்லை.

இரண்டு அடி முன்னே வந்து, அவள் படிவத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. குனிந்தும் பாராமல், மறுத்தும் பேசாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பின் உயரத்தில், அவர் பார்வைக்கு எட்டாமல், அந்தக் காகிதம் நின்றது.

“மெலிஞ்சுட்ட,” என்றார்.

“நீங்க மட்டும் என்ன, பருத்தா இருக்கீங்க?”

“இல்ல.” பின்னர், ஏதோ நினைவு வந்தவராய், காகிதப் பையை இரு கைகளாலும் பற்றி முன்னால் நீட்டினார். தலை தாழ்த்தினார். “கருவாடு. சின்னதுதான். வாங்கிக்க.”

இரு கைகளால் தரப்படுவதை இரு கைகளால்தான் பெற வேண்டும். அறுபது ஆண்டுகளில் மிட்சுயோ எப்பொருளையும் ஒற்றைக் கையால் வாங்கியதில்லை. சினத்திலும் இல்லை, துக்க வீட்டிலும் இல்லை. வலக்கையில் படிவம் இருந்தது. அவள் ஒரு கணம் திகைத்தாள். பின்னர் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளையும் நீட்டிப் பையைப் பெற்றுக்கொண்டாள்.

பை கனமாக இருந்தது. மூன்று உறைகளையும் மீறி மணம் வந்தது.

“சோவாஜிமால ஏங்க திரும்பிப் பாக்கல?” என்று அவள் கேட்டாள். கேட்கக்கூடாது என்றுதான் வழி நெடுகிலும் எண்ணியிருந்தாள்.

சொல்வதற்கு அவரிடம் ஒரு விடை இருந்தது. பதினொரு ஆண்டுகளாக இருந்தது. அது உதடு வரையில் வந்ததை அவள் பார்த்தாள். என்னவென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“இப்ப பாக்கறேன்ல,” என்றார் தகெஹிகோ.

நடைமேடைக் கடிகாரம் இரண்டு முப்பத்து நான்கைக் காட்டியது. ஹச்சிஜோ விமானத்துக்குரிய பரிசோதனை வாயில் மூட இன்னும் பதினொரு நிமிடம். இன்றைய தேதி எழுதிய படிவம் அவள் கக்கத்தில் மெல்லக் கசங்கிக்கொண்டிருந்தது.

“மறுபடியும் போயிடுவீங்களா?”

அவர் கடிகாரம் இருந்த பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவள் முகம் போய்விடும்.